சிவப்பு வட்டம் போட்ட நாலு இடங்கள்

ஆடி 9, வெள்ளி

ஹாலந்திலிருந்து மகள் போன் செய்தாள். "நீ மட்டுமாவது வாயேம்மா" என்றாள்.

சூரியகாந்தி வரைந்த அந்த டச்சு ஓவியர் பிறந்த ஊர், அவர் அப்பா பிரசங்கம் செய்த தேவாலயம், சாயங்காலம் மியூசியம் என்று ஒரே நாளில் சுற்றத் திட்டம் போட்டவர் என் வீட்டுக்காரர். "சூரியகாந்தி பாக்கணும்னா சுந்தரபாண்டியபுரத்துக்கு பஸ் ஏறுங்க. குத்தாலத்துல அருவி வரைக்கும் நடக்கவே எனக்கு முடியல" என்று எரிந்து விழுந்தேன். அவர் வரைந்துகொண்டிருந்த வழிப்படத்தை மடித்து வைத்துவிட்டார். போன மாதம் இறந்தும் போனார்.

இன்றுதான் அவர் கையால் வரைந்த வழிப்படத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஓவியர் வீட்டுக்கு ஒரு சின்னப் புள்ளிதான். சிவப்பு மையில் பெரிதாக வட்டம் போட்டிருந்தது வேறு நாலு இடங்களுக்கு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதியிருக்கிறார்: "இங்கன பெஞ்சு இருக்கு. அவளுக்கு முட்டு வலிக்கும். உக்காந்துட்டுப் போவோம்."