உசிரோட இருக்கிறவன் பேரு

மார்ச் 3

பேரன் பொறந்து ஒரு வாரம் ஆகப்போகுது. இன்னும் பாப்பாதான். ஆஸ்பத்திரியில கையில கட்டின பட்டையில கூட அவங்கம்மா பேருதான் இருந்துச்சு. இவனுக்குன்னு ஒண்ணு வேணாமா?

எங்க வீட்ல இதுக்கு யோசனையே கிடையாது. மூத்த பேரனுக்குத் தாத்தா பேரு. என் பேரு எங்க தாத்தாவோடது. அவரோடது அவர் தாத்தாவோடது. என்ன அர்த்தம்னு ஒருத்தரும் கேட்டதில்ல. தாத்தாதான் அர்த்தம்.

மகன் சோபாவுல படுத்துக்கிட்டு போன்ல பேர் தேடறான். "அப்பா, இதுக்கு ஒளின்னு அர்த்தம்." வீட்ல கரண்டு இருக்குடா. "இதுக்கு சிங்கம்." கரப்பான்பூச்சியப் பார்த்தா கட்டில் மேல ஏறுவ, உன் பிள்ளைக்கு சிங்கமா? "சிரிக்க வைக்காதீங்க மாமா, தையல் இழுக்குது"ன்னு மருமக வயித்தப் பிடிச்சுக்கிட்டா.

மாடி ஏறினேன். பாதிப் படியில உக்காந்துட்டேன்.

மார்ச் 5

ஹார்ட் டாக்டர். வால்வு தேஞ்சுபோச்சாம். மாத்தணுமாம், தள்ளிப்போடக் கூடாதாம். பேரனுக்குப் பேர் வச்சிட்டு சொல்றேன்னேன். "பேருக்கும் வால்வுக்கும் என்ன சம்பந்தம்?"னு கண்ணாடியக் கழட்டினார்.

இருக்கு. அவர்கிட்ட சொல்லல, இங்க எழுதறேன். அலுத்துப்போச்சு. பொண்டாட்டி போயாச்சு. கூட பஸ் ஓட்டினவனுங்கல்லாம் போயாச்சு. டூட்டி முடிஞ்சப்புறமும் ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு எதுக்கு உக்காந்திருக்கணும்? பேரை அடுத்த ஆள்கிட்ட குடுத்துட்டு இறங்கிடலாம். அதுக்குத்தான் காத்திருக்கேன்.

மார்ச் 6

என் பேரை சம்பந்தியம்மா வேண்டாம்னுடுச்சு!

மருமகளோட அம்மா. வேற தேசம், வேற பேச்சு. பிரசவத்துக்குன்னு ரெண்டு பெரிய பெட்டியோட வந்து இறங்கினது. நாம பேசறது ஓரளவு புரியும், திருப்பிப் பேச வராது. மருமகதான் நடுவுல நின்னு மாத்திச் சொல்வா. நான் பத்து வார்த்தை கிண்டல் பண்ணா அந்தப் பக்கம் ரெண்டு வார்த்தைதான் போகுது. மிச்சத்தை முழுங்கிடறா.

"ஏம்மா, என் பேருல என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல மாமா. எங்க பக்கம் அப்படி வைக்கிற வழக்கமில்ல. விடுங்களேன்."

சம்பந்தியம்மா என் முகத்தையே பார்க்கல. கழுவின பால் புட்டியவே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு நிக்குது.

சரி. பஸ் டிரைவர் பேரு தொண்டையில இறங்கல போல.

மார்ச் 7

யார்கூடவும் பேசல. யாருமே கவனிக்கல. கோபம் வீணாப்போச்சு.

மார்ச் 10

ரத்தம் எடுக்க வீட்டுக்கு வர்ற நர்ஸ் பொண்ணும் வெளிநாடுதான், இங்க படிக்க வந்து தமிழ் கத்துக்கிட்டது. உன் பேருக்கு என்னம்மா அர்த்தம்னு கேட்டேன்.

"வியாழக்கிழமை, தாத்தா. எங்க ஊர்ல பொறந்த கிழமைதான் பேரு."

"அப்ப ஊருக்கே ஏழு பேருதானா? வியாழக்கிழமைன்னு கூப்பிட்டா தெருவே திரும்பிப் பார்க்குமே."

"கூட இன்னொரு பேரும் வைப்பாங்க தாத்தா"ன்னு சொல்லிக்கிட்டே ஊசியக் குத்திடுச்சு. கெட்டிக்காரி.

எல்லா ஊர்லயும் பிள்ளைக்குப் பேர் கிடைக்குது. நம்ம வீட்லதான் பஞ்சம்.

மார்ச் 13

இன்னைக்கு நடந்ததை எப்படி எழுதறதுன்னு தெரியல.

சாப்பிட உக்காந்திருந்தோம். வழக்கம் போலத்தான் ஆரம்பிச்சேன். "சீக்கிரம் என் பேரை வைங்கப்பா. வச்சிட்டா நான் நிம்மதியா கிளம்பிடுவேன். ரூமும் காலியாகும்."

மருமக மாத்திச் சொல்றதுக்கு சம்பந்தியம்மா காத்திருக்கல. தட்டை நகர்த்தி வச்சிட்டு எழுந்து, என்னைப் பார்த்து அவங்க பாஷையில பேச ஆரம்பிச்சாங்க. நிறுத்தவே இல்ல. கண்ணுல தண்ணி வேற. மருமக தலையக் குனிஞ்சுக்கிட்டா.

"மாத்திச் சொல்லும்மா. முழுங்காம சொல்லு."

"எங்க பக்கம் போனவங்க பேரைத்தான் குழந்தைக்கு வைப்போம் மாமா. உசிரோட இருக்கிறவங்க பேரை வச்சா, அவங்க ஆயுசப் பிடுங்கிக் குடுத்த மாதிரி. உங்க உடம்பு இருக்கிற இருப்புல அதை வாய்விட்டுச் சொல்லவே அம்மாவுக்குப் பயம்."

"அவ்வளவு நேரம் பேசினாங்களே, இவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு..."

"சொல்லு."

"இந்த மனுஷன் என் பேரனைச் சாக்கா வச்சுக்கிட்டு ஓடப் பார்க்கிறார், இவர் போறதுக்கு இந்தக் குழந்தை டிக்கெட் இல்ல — அப்படின்னு சொல்றாங்க."

மகன் என்னைப் பார்த்தான். நான் தண்ணி குடிச்சேன்.

மார்ச் 14

எப்படித் தெரிஞ்சுது அந்தம்மாவுக்கு? பெத்த மகனுக்கே தெரியல. டாக்டருக்குத் தெரியல. பேச்சே சரியாப் புரியாதவங்க —

புருஷனைப் பறிகொடுத்தவங்களாச்சே. கிளம்பத் தயாரா நிக்கிற மூஞ்சி எப்படி இருக்கும்னு பார்த்திருப்பாங்க.

நான் போனா யாருக்கு என்னன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்தம்மா இத்தனை நாளா எனக்காகத்தான் மல்லுக்கு நின்னிருக்காங்க. நான் என்னடான்னா, என் பேரைக் கேவலமா நினைக்குதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். யாராவது என்னை இருன்னு சொல்லி எத்தனை வருஷமாச்சு?

அசதி மட்டும் அப்படியேதான் இருக்கு. அது வேற.

மார்ச் 16

உங்க வீட்டுக்காரர் பேரு என்னன்னு நானே போய்க் கேட்டேன். சொன்னாங்க. அதுக்கு அர்த்தம் 'மூணாவது'ன்னு மருமக சொன்னா. மூணாவதாப் பொறந்தவராம்.

"மொதல் பிள்ளைக்கு மூணாவதுன்னு பேரா? மத்த ரெண்டு பேரும் எங்கடான்னு பள்ளிக்கூடத்துல வாத்தியார் கேப்பாரே."

இந்தத் தடவை மருமக ஒண்ணும் முழுங்கல போல. சம்பந்தியம்மா சிரிச்ச சிரிப்புல குழந்தை முழிச்சிடுச்சு.

அதையே வைங்கன்னேன். மகன் போனைக் கீழ வச்சான். "அப்ப உங்க பேருப்பா?"

"அது இன்னும் ரோட்டுல ஓடிக்கிட்டிருக்குடா. டிப்போவுக்கு வரட்டும், பார்த்துக்கலாம்."

சாயங்காலம் டாக்டருக்கு போன் பண்ணி தேதி கேட்டேன். அவர் நம்பல. மகன்கிட்ட போனைக் குடுங்கன்னார்.

மார்ச் 20

பேர் வச்சாச்சு. சொல்லிப் பழகறேன். நாக்கு சுளுக்குது.

மார்ச் 24

நாளைக்குக் காலையில வால்வு. பயமாத்தான் இருக்கு. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது.

சம்பந்தியம்மா ஊருக்குப் போற டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுட்டாங்க. மகளுக்குத் துணைக்காம். சரி, அப்படியே இருக்கட்டும்.

மகன் ஆஸ்பத்திரிப் பை கட்டினான். ரெண்டு சட்டை, துண்டு, செருப்பு. நான் ஷேவிங் செட்டை எடுத்துட்டுப் போய் உள்ள வச்சேன்.

"அங்க எதுக்குப்பா இதெல்லாம்?"

திரும்பி வர்றப்ப தாடியோட வந்தா மூணாவது என்னை யாரோன்னு நினைச்சு அழுவான்டா.