ஆடியில் பேட்டரி

10.8.98, திங்கள். ஆடி 25.

நிறைமாதமாக இருக்கும் மனைவி செல்வியை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது கார் கிளம்பவே இல்லை. நாலு வருடத்துப் பேட்டரி. ஆடியில் புதுச் சாமான் வாங்கக் கூடாதென்று நான்தான் தள்ளிப்போட்டேன். தினமும் இறக்கத்தில் நிறுத்தி, உருட்டிக் கிளப்பியே சமாளித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கத்துக்கு எங்கே போவது? தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள்தான் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள்.

"பேட்டரிக்கு ஆடி பாக்குதீங்க. ஆவணி வரைக்கும் பொறுத்துக்கிடுதேன்னு பிள்ளை உங்ககிட்ட சொல்லிச்சாக்கும்?" என்றாள் செல்வி.

நாளைக் காலையில் கடை திறந்ததும் புதுசு மாட்டிவிடுவேன். ஆடி போதாதென்று நாளை செவ்வாய்க்கிழமை வேறு. அம்மா கண்டிப்பாக முணுமுணுப்பாள். முணுமுணுக்கட்டும். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவரும் அன்று நான் இறக்கம் தேடி அலைய மாட்டேன்.