சட்டையைக் கழற்றிய பிறகு

இன்று காலை எங்கள் வார்டுக்குப் புதிய சட்டைகள் வந்தன. மருந்து கொடுக்கும் தாதி சீருடைக்கு மேலே போட்டுக்கொள்ளும் கையில்லாத சிவப்புச் சட்டைகள். முதுகில் ‘தொந்தரவு செய்யாதீர்’ என்று மலாயில் பெரிதாக அச்சிட்டிருக்கிறது. பழையவற்றைத் தூக்கிப்போடச் சொன்னார்கள். மூட்டை கட்டும்போது அடியில் நீ தைத்தது ஒன்று கிடைத்தது. கோணலான கழுத்துப் பட்டியை வைத்துக் கண்டுபிடித்தேன். முகர்ந்து பார்த்தேன். மருத்துவமனைச் சலவை வாடைதான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் உன்மேல் கோபம் வந்தது.

நீ காஹாங் ஊர்க்காரி, நான் பண்டார் தெங்காரா. தாதியர் பயிற்சியில் ஒரே அறை, பிறகு ஒரே வார்டு. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவளை எத்தனை பேர் கூப்பிட்டுக் கவனத்தைக் கலைக்கிறார்கள் என்று முதலில் கவனித்தவள் நீதான். விடுமுறை நாளில் குளுவாங் போய்ச் சிவப்புத் துணி வாங்கி, உன் வீட்டுத் தையல் இயந்திரத்தில் ஆறு சட்டைகள் தைத்தாய். ரோடு போடுகிறவர்கள் மாதிரி இருக்கிறோம் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

“சிரிக்கட்டும் லா,” என்றாய். “இதப் போட்டுட்டா பெத்த அப்பன் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. முகத்தப் பார்த்து மருந்து குடுக்காத ரீட்டா, கைப்பட்டையில இருக்கிற பேரப் பார்த்துக் குடு.”

நான் திரும்பாமல்தான் இருந்தேன், நீ கூப்பிடும்வரை.

ஒரு மதிய வேளை. ஆறாம் கட்டில் அம்மாவின் கைப்பட்டையைச் சரிபார்த்துவிட்டு இன்சுலின் ஊசியைக் கையில் எடுத்திருந்தேன். முகப்பிலிருந்து உன் குரல் வந்தது. “ரீட்டா, அலமாரி சாவி உங்கிட்டயா? குடுத்துட்டுப் போ லா, அவசரம்.” வேறு யாராவது என்றால் அசைந்திருக்கமாட்டேன். நீ என்பதால் வந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய், ஏழாம் கட்டில் பெரியவருக்குப் போட்டுவிட்டேன். அவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, டாக்டர்கள் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கண் திறந்த மனிதர், “தாக் அப்பா லா, மிஸி,” என்று என்னைத்தான் தேற்றினார். பரவாயில்லை என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு இன்றுவரை சொல்ல வரவில்லை.

விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அடுத்து உன்னைக் கேட்டார்கள். நீ மேட்ரனின் முகத்தைப் பார்த்து, நல்ல மலாயில், நிதானமாகச் சொன்னாய்: நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். உன் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாய். “தைச்சவளே கூப்பிட்டான்னு தெரிஞ்சா எல்லா வார்டும் சட்டையக் கழட்டி வீசிடும். எத்தன நோயாளிங்க ரீட்டா, யோசிச்சுப் பாரு. உனக்கு ஒரு வார்னிங் லெட்டர்தானே வரும்.” கையை உதறிவிட்டுப் போனேன். நீ சொன்னதில் உண்மை இருந்ததுதான் என்னை அதிகம் எரித்தது. சட்டை மற்ற வார்டுகளுக்கும் போனது. தவறுகள் குறைந்ததையும் கண்ணால் பார்த்தேன். உனக்கு வார்டை நடத்தும் சிஸ்டர் பதவி வந்தது. என்னைக் கிளினிக்கில் டோக்கன் கொடுக்க உட்காரவைத்தார்கள். மருந்து வண்டியைத் திரும்பத் தொட நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடமும் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஒருநாளும் வந்து, நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது.

போன வருடம் நீயே நோயாளியாக என் வார்டுக்கு வந்தாய், ஒன்பதாம் கட்டிலுக்கு. பாதி உடம்புதான் இருந்தது. மதிய மருந்து நேரம், நான் நாலாம் கட்டிலில் இருந்தேன்.

“ரீட்டா. ஒரு நிமிஷம் வா லா.”

நான் திரும்பவில்லை. வரிசையாகக் கொடுத்துக்கொண்டு உன்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், “பேர் சொல்லுங்க,” என்றேன், வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதுபோல. உன் பெயரைச் சொன்னாய். கைப்பட்டையோடு ஒத்துப்பார்த்தேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, “அன்னைக்கு அந்தச் சாவி...” என்று ஆரம்பித்தாய். உன் கண் என் சட்டையில் போய் நின்றது. “சரி, முடிச்சிட்டு வா,” என்றாய்.

முடித்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். உன் கட்டில் பத்தடி தூரம்தான். நான் கேன்டீனுக்குப் போனேன். தே தாரே தேநீர் வாங்கி, ஆற ஆறக் குடித்தேன். காத்திருக்கட்டும், நான் நான்கு வருடம் காத்திருந்தேனே என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது உன்னைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பிறகு நீ பேசவில்லை.

காரியம் முடிந்த அன்று உன் கணவர் கேட்டார். “உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. சொன்னாளா?”

“மருந்து குடுக்கற நேரம் அண்ணே,” என்றேன். “சட்டை போட்டிருந்தேன். வரமுடியல.”

அவர் நம்பினார். விசாரணையில் உன்னையும் அப்படித்தான் நம்பினார்கள்.

நீ தைத்ததை மூட்டையில் போடவில்லை. மடித்து என் பையில் வைத்திருக்கிறேன். உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. உன் கணவரிடம் போய் அந்தத் தேநீரைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தால் ஒருவேளை முடியும். காஹாங் ஒன்றும் தூரமில்லை. இன்னும் போகவில்லை.