செருப்புத் திருடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ மாமா வீட்டுக்குப் போனதிலிருந்து இங்கே செருப்புகள் காணாமல் போகின்றன. பழி வழக்கம்போல என் மேல்தான். "ஏலே, எங்கலே ஒளிச்சு வச்சிருக்க?" என்று ஒரு அறை விட்டுவிட்டு, அப்பா இன்று வெறுங்காலோடு ஆபீஸ் போனார். கால்நடைத் துறைக்குப் பொருத்தம்தான்.

திருடியது நானில்லை, நம் கோமு. அரிசிப் பானைக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஏன் இப்படிச் செய்யுத?"

"செருப்புப் போட்டா எல்லாரும் போயிருவாவ. அம்மா மாதிரி."

நாலு வயதுக்காரியின் கணக்கு இது. நான் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்று நீயும் அப்பாவும் போட்ட சண்டையை நான் கேட்கவில்லை. தெருவே கேட்டபோது என் காது எதற்கு? எழுப்பிச் சொன்னால் அழுவாள் என்று, தூங்கிக்கொண்டிருந்தவளை விட்டுப் புறவாசல் வழியாகப் போனாய். இப்போது அவள் தூங்கவே பயப்படுகிறாள்.

மாமா ஊர் ஆழ்வார்திருநகரியிலிருந்து இங்கே வர பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. திரும்பிப் போவதாக இருந்தாலும் ஒருமுறை வா. போகும்போது அவளிடம் சொல்லிவிட்டு, முன்வாசல் வழியாகப் போ. அழட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பழைய செருப்பை மட்டும் அவள் ஒளிக்கவில்லை. நீ இப்போதுதான் உள்ளே வந்ததுபோல, வாசலில் வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அடி வாங்கியும் வாய் திறக்காத
உன் மூத்தவன்