அம்மா காதில் விழுந்த இரைச்சல்

என் செல்விக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது, பழக்கதோஷம். நான் களைத்துப்போயிருக்கிறேன். விழுப்புரத்தில் காலேஜ், அது முடிந்தால் ஆய்வகம், சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு பஸ். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்கும்போதுதான் கொஞ்சம் கண் அயர்கிறேன்.

நீ போனதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கேள்வி. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் நாம், ரத்தப் புற்றுநோய் உனக்கு மட்டும் ஏன் வந்தது? செல்களைப் பற்றித்தானே படிக்கிறாய், சொல் என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். மரபணு ஒன்றுதான், ஆனாலும் ஒரு செல் அதைக் கூடுதலாகப் பயன்படுத்தும், இன்னொன்று குறைவாக; தற்செயலான அந்த ஏற்ற இறக்கத்தை நாங்கள் ‘இரைச்சல்’ என்போம் என்று அசதியில் சொல்லிவைத்தேன். அதுதான் வினை.

“இரைச்சலா? நீங்க ரெண்டு பேரும் வயித்துல இருக்கசொல்ல நான் ரைஸ் மில்லுல நின்னுக்கினு இருந்தேனே. அந்தச் சத்தம்தான் அவளப் புடிச்சிக்கிச்சா?”

காதில் கேட்கிற சத்தம் இல்லையம்மா என்று எவ்வளவோ சொன்னேன். அவள் சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். இந்தச் சொல்லை யாரடி வைத்தது? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அப்புறம்தான் ஆய்வகத்தில் நான் வளர்க்கும் ஈஸ்ட் செல்களை வளர்ச்சிக் கட்டம் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். புதிதாகப் பிறந்த செல்லில் நான் ஆராயும் மரபணு ஒரு பிரதி, இரண்டாகப் பிரியப் போகிற செல்லில் இரண்டு. எல்லாவற்றையும் கலந்து எண்ணியதால்தான் அவ்வளவு ஏற்ற இறக்கம். ஒரே கட்டத்தில் இருப்பவற்றை மட்டும் ஒப்பிட்டதும் நிறையக் குறைந்துவிட்டது. ஆனால் கொஞ்சம் மிஞ்சியது, செல்வி. என்ன செய்தும் அது போகவில்லை. ஈஸ்டை வைத்து உன் நோய்க்குப் பதில் சொல்ல முடியாதுதான். இருந்தாலும் அம்மாவிடம் போனேன்.

“ஒரே மல்லாட்டை விதைய நாலு நாள் முன்ன பின்ன போட்டா, செடி ஒரே உசரமாவா நிக்கும்? பாதி வித்தியாசம் அப்படித்தாம்மா.”

“மிச்சத்துக்கு?”

“மிச்சத்துக்கு யாரும் காரணம் இல்ல. நீயும் இல்ல, உன் மில்லும் இல்ல.”

நிம்மதி அடைவாள் என்று நினைத்தேன். அவளோ கேட்டாள்:

“யாருமே இல்லன்னா, நான் யார்கிட்டடி சண்ட போடறது?”

இனி எந்தச் சனிக்கிழமையும் தவறாமல் போவேன், செல்வி. என்னோடு போடட்டும். உன் பங்குக்கும் சேர்த்து நானே வாங்கிக்கொள்கிறேன்.

உன் கூடப் பிறந்தவள்,
மலர்