மூன்று பங்கும் ஒரு வாசலும்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே தங்கச் சுரங்கத்துக் கழிவுமண் கொட்டிய சயனைடு மேட்டுப் பக்கமிருந்து புழுதிக் காற்று. துவைத்துக் காயப்போட்ட வேட்டி பாழ்.

வாசலில் "பாலு சார்" என்று குரல். பேத்தமங்களா ஊரிலிருந்து வழக்கமாக வரும் பால்காரர் என்று நினைத்துப் பாத்திரத்தோடு போனேன். டேப்பும் கையுமாக வேறொருவர். கோலாரிலிருந்து வந்த சர்வேயர். கன்னடத்தில் பாலு என்றால் பங்கு. பிறந்து வளர்ந்தது இதே ஊர், இதுகூட உறைக்கவில்லை. வீட்டை மூன்று பாகமாகப் பிரிக்க அளக்கணுமாம். அண்ணன் அனுப்பியிருக்கிறார். எனக்கு ஒரு ஃபோன்கூடப் பண்ணவில்லை.

பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன். முன்ரூம், நடுரூம், சமையல்கட்டு, பின்னால் குழாயடி. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்று. ஒரே வாசல். இதை எப்படி மூன்றாக்குவது என்று அவரே தலையைச் சொறிந்தார். கிளம்பும்போது "நீவு ஒப்பரேனா சார்?" என்றார். ஆமாம், நான் ஒருத்தன்தான் என்றேன்.

வாங்க வேண்டியது: டார்ச் செல், ரசப்பொடி, முழங்கால் தைலம்.

ஜூலை 9, புதன்

ராபர்ட்சன்பேட்டையில் வக்கீலைப் பார்த்தேன். கேட்கப் போனது ஒன்றுதான். நான் சம்மதிக்கவில்லை என்றால்?

"அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல, உயிலும் இல்ல. மூணு பேருக்கும் சமபங்கு, கட்டிக்குடுத்த தங்கச்சிக்கும்தான். ஒருத்தர் பிரிச்சிக் குடுங்கன்னு கேட்டாப் போதும், மத்தவங்க நிறுத்த முடியாது. கோர்ட்டுக்குப் போனா, பிரிக்க முடியாத வீடுன்னு வித்துக் காசாக் குடுத்துருவாங்க. அப்ப நீங்க எங்க போவீங்க?"

"இப்ப எந்த ரூம் யாருதுங்க?"

"எதுவும் யாருதும் தனியா இல்ல. பிரிக்கிற வரைக்கும் ஒவ்வொரு செங்கல்லயும் மூணு பேரும் கீறீங்க."

வரும் வழியெல்லாம் இதே மண்டைக்குள். இத்தனை வருஷம் தனியாக இருப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி இல்லையாம். சாப்பிடும்போது சிரிப்பு வந்துவிட்டது. தட்டு வைக்கிற இடத்திலும் மூன்று பேர்.

பயம் வீட்டைப் பற்றி மட்டும் இல்லை. பிரித்துவிட்டால் அப்புறம் எதற்குக் கூப்பிடுவார்கள்? வீட்டு வரி கட்டினாயா என்று கேட்கவாவது அண்ணன் ஃபோன் பண்ணுவார்.

ஜூலை 13, ஞாயிறு

பேசி முடிக்க இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன் பெங்களூரிலிருந்து, தங்கை கஸ்தூரி ஆம்பூரிலிருந்து. இரண்டு லிட்டர் பால் சொல்லி வைத்திருந்தேன். "இன்னா சார், வீட்ல விசேசமா?" என்றார் பால்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் வரும்போதே, "இன்னாடா, சர்வேயருக்கிட்டப் பாத்திரத்த நீட்டினியாமே." மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

முன்ரூம் அண்ணனுக்கு. நடுரூம் கஸ்தூரிக்கு. சமையல்கட்டும் குழாயடியும் எனக்கு. சந்துப் பக்கம் எனக்கென்று ஒரு வாசல் உடைத்துக்கொள்ளலாம்.

"பிரிக்காமலே இருக்கட்டும்ண்ணா. வந்தா தங்கிக்குங்க" என்றேன்.

"யார்றா வரப்போறாங்க?" அண்ணன் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"நான் விட்டுக்குடுத்துருவேண்ணா. எங்க வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு" என்று கஸ்தூரி கண்ணைத் துடைத்தாள்.

கடைசியில் சரி என்றேன். விற்றுத் தெருவில் நிற்பதற்கு இது மேல்.

காபி யாருக்கும் வேண்டாமாம். அண்ணனுக்குச் சர்க்கரை, கஸ்தூரிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பால் முழுக்கத் தயிருக்கு ஊற்றினேன். இவ்வளவு தயிரை யார் சாப்பிடுவது.

ஆகஸ்ட் 4, திங்கள்

தூறல். பத்திரம் பதிவாகிவிட்டது. ஆபீசில் படம் பிடிப்பார்கள் என்று முன்னமே தெரியும். மூன்று பேரையும் சேர்த்து ஒன்று எடுப்பார்கள் என்று நினைத்துத் தலையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தேன். தனித்தனியாகத்தான் எடுத்தார்கள்.

திரும்பி வந்து அண்ணன் முன்ரூமைப் பூட்டினார். கஸ்தூரியும் பூட்டு கொண்டுவந்திருந்தாள். "தப்பா நினைக்காதண்ணா." என் கட்டில் நடுரூமிலேயே மாட்டிக்கொண்டது. நான் அதில்தான் படுக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கொத்தனார் போன வாரமே சந்து வாசலை உடைத்துக் கதவு வைத்துவிட்டார். அது வழியாக வந்து சமையல்கட்டில் பாய் விரித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குளிர். தூக்கம் சரியில்லை. விடிகிற நேரம் சந்துப் பக்கம் "பாலு சார், பாலு" என்று குரல்.

மறுபடி சர்வேயர் என்று நினைத்து எழுந்துபோய்க் கதவைத் திறந்து, "பிரிச்சாச்சுங்க, எல்லாம் ஆச்சு" என்றேன்.

கேனோடு பேத்தமங்களா பால்காரர் நின்றுகொண்டிருந்தார். "இன்னாத்தப் பிரிச்சீங்க? முன்னாடி தட்டித் தட்டிப் பாத்துட்டு இப்பிடி சுத்திகினு வரேன். பாத்திரம் எடுத்துகினு வாங்க சார். எத்தினி பேருக்கு?"

எனக்கு மட்டும் என்றேன்.