பின் சீட்டு அளவு

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லாம் நலம். அங்கேயும் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அன்பு மகள் வாலுவுக்கு, உன் சித்தி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி வாலுவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமியைப் போட்டு நச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. எனக்குக் கழுத்து வலி, இடுப்பு வலி. வாய் மட்டும் நன்றாக இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன்னோடு பேச வேண்டுமானால் துணி காயப்போடுகிற மாதிரி மாடிக்குப் போக வேண்டியிருக்கிறது. நான் படி ஏறினால் போதும், கீழே தையல் மிஷின் சத்தம் நின்றுவிடும். நாலு வருஷமாக உன் பேச்சை எடுக்காத மனிதர், நான் உன்னோடு பேசுகிற நேரம் மட்டும் மிஷினுக்கு எண்ணெய் போடுகிறார். இத்தனை எண்ணெய்க்கு அந்த மிஷின் வழுக்கிக்கொண்டு தெருவுக்கே வந்திருக்க வேண்டும். அது ஒன்று. இன்னொன்று, நான் உன்னிடம் கேட்கப்போகும் பொருளைப் போனில் அனுப்ப முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் கார் வாங்கப் போகிறோம். சிரிக்காதே.

போன மாத மழையில் ஸ்கூட்டரில் யூனிஃபார்ம் மூட்டை கொண்டுபோனாரா, நீலப் பாவாடையின் சாயம் இறங்கி நாற்பது வெள்ளைச் சட்டையிலும் ஏறிவிட்டது. ஹெட்மாஸ்டர் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு வானத்தையே தைத்துக் கொண்டுவந்துவிட்டீர்களே என்றாராம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், கூரை உள்ள வண்டிதான் என்று. கொரியாக்காரன் கம்பெனி, நம் கைக்கு எட்டுகிற சின்ன வண்டி, ஆனால் புதுசு. பழைய கார் சிக்கனமாகக் கிடைக்குமே என்றேன். “அடுத்தவன் உடம்புக்குத் தைச்ச சட்டை நமக்கு எதுக்குடி?” என்றார். அப்புறம் நான் என்ன பேச!

ஷோரூம் தரையைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிடப் போனது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டேன். அங்கிருந்த விற்பனைப் பெண், “அம்மா, போட்டுக்கிட்டே வரலாம்மா” என்றாள். இவ்வளவு பளபளப்பை மிதிக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசி வரை வெறுங்காலோடுதான் நடந்தேன். ஜில்லென்று இருந்தது.

இரண்டு வண்டி காட்டினாள். ஒன்று குட்டி. இன்னொன்று அதற்கு அக்கா மாதிரி, ஒரு சாண் நீளம் கூட. இரண்டுக்கும் ஐந்து கதவு என்றாள். நான் சுற்றிச் சுற்றி எண்ணுகிறேன், நாலுதான் வருகிறது. பின்னால் சாமான் வைக்கத் தூக்குகிற மூடியையும் கதவு என்றே கணக்கில் சேர்க்கிறார்களாம். அப்படிப் பார்த்தால் நம் வீட்டு அரிசி டிரம்மும் ஒரு கதவு வைத்த வீடுதான். பின் கண்ணாடிக்கு ஒரு துடைப்பான் இருக்கிறது. முதுகைத் துடைத்துக்கொள்ளத் தெரிந்த வண்டி! வழியில் வாங்கியிருந்த உருளைக்கிழங்குப் பையை முன் சீட்டில் வைத்தேன், கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. பையும் பெல்ட் போட வேண்டுமாம். எது என்ன செய்யும் என்று ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்றில் கண்ணாடி மடங்கியது, ஒன்றில் உட்காரும் இடம் உயர்ந்தது, ஒன்றில் அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

உன் சித்தப்பா ஒரு பொத்தானையும் தொடவில்லை. கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். சாமான் வைக்கும் இடத்தை ஒரே நிமிஷத்தில் அளந்துவிட்டு, “மூட்டை போகும்” என்றார். வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று பார்த்தால் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அகலம் அளந்தார். சீட்டிலிருந்து கூரை வரை அளந்தார். முன் சீட்டு முதுகு வரை அளந்தார். சட்டைக்குத் தோள் எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. அந்தப் பெண், “சார், காருக்குக் கோட்டு தைக்கப் போறீங்களா?” என்று கேட்டே விட்டாள்.

எனக்குக் குறுகுறு என்று இருந்தது. மூட்டைதான் பின்னால் போகிறதே, இங்கே என்ன அளவு என்று கேட்டேன். “சீசன்ல மூட்டை கூடும்ல” என்றார். மூட்டைக்கு எதற்குத் தலை இடிக்குமா என்று பார்க்க வேண்டும், சொல்லு?

அப்புறம் சீட்டு மடிப்புக்குள் விரலை விட்டு, விழுந்த ஊசியைத் தேடுகிற மாதிரி தடவினார். உள்ளே ஒரு இரும்பு வளையம். “இது எதுக்கும்மா?” என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார். குழந்தைகளுக்கென்று தனி நாற்காலி இருக்கிறது, அதை மாட்டுகிற கொக்கி என்றாள். குழந்தை சின்னதாக இருந்தால் பின்பக்கம் பார்த்து உட்கார வைக்க வேண்டுமாம். அதற்கு முன் சீட்டை நெருக்கித் தள்ள வேண்டும், சாரின் காலுக்குக் குட்டி வண்டி தாங்காது, அக்கா வண்டிதான் சரி. வளர்ந்த குழந்தை என்றால் முன்னால் பார்த்தே உட்காரலாம், குட்டி வண்டியே போதும். “குழந்தை எவ்வளவு உயரம் சார்?” என்றாள்.

வாலு, உன் சித்தப்பாவை உனக்குத் தெரியும். கடை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போதே மார்பு முப்பத்தெட்டு, கை இருபத்து மூன்று என்று மனசுக்குள் எழுதிவிடுகிற ஆள். அவர் கையை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இல்லை என்று கொஞ்சம் தூக்கினார். தொடைக்கு மேலே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? நீ அனுப்பின போட்டோவில் குட்டி ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நாற்காலி உயரமா குட்டையா என்று எந்தச் சாமியைக் கேட்பது?

“விசாரிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

உன்மேல் அவருக்கு என்ன கோபம் என்று நீ கேட்டபோதெல்லாம் மழுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளையைப் பற்றி அவர் ஒரு குறை சொன்னதில்லை. நீ அங்கேயே அவசரமாகக் கல்யாணம் முடித்துக்கொண்டு போட்டோ அனுப்பினாயே, அதை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “கடையில தொங்கினதை வாங்கிப் போட்டுக்கிட்டாளா?” அவ்வளவுதான். உன் கல்யாணத்துக்கென்று வாங்கி, கத்தரி படாமல் பீரோவில் வைத்திருந்த துணி இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கள் கையில் வளர்ந்த பெண், அளவு கொடுக்க ஒரு தடவை வந்து நிற்கவில்லையே என்றுதான். நீ செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன், அவர் நாலு வருஷம் வாயைத் தைத்துக்கொண்டது சரி என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. எங்கே கற்றுக்கொண்டாய் என்று தனியாகக் கேட்க வேண்டுமா?

மறுநாள் அவர் பட்டன் வாங்கப் போன சமயம் ஆர்டர் நோட்டைப் புரட்டினேன். தப்புதான், சாமியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு காரின் அளவும் பக்கம் பக்கமாக இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு ஆர்டர். பெயர் என்ற இடத்தில் ‘பேத்தி’. உயரம், மார்பு, இடுப்பு எல்லாம் காலி. டெலிவரி தேதியில் ஒரு கேள்விக்குறி.

ஆகையால் உன்னிடம் கேட்பது இதுதான். குட்டியைச் சுவரோரமாக நிற்க வைத்து, உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு நூலைப் பிடித்து அறுத்து, கடிதத்தில் மடித்து அனுப்பு. சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. ஒட்டுவதற்குள் பிடிபட்டுவிட்டேன்.

கண்ணாடி தேடி வந்தவர் மேஜையில் பார்த்துவிட்டார். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார் என்று நினைக்கிறேன், அந்தப் பக்கம்தான் மேலே இருந்தது. கத்தப்போகிறார் என்று சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். அவர் சொன்னது: “நூல்ல எவளாவது அளவெடுப்பாளா? இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். முப்பது வருஷம் தையக்காரன் பொண்டாட்டியா இருந்து என்ன கத்துக்கிட்டே?” சொல்லிவிட்டுக் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டி, கடிதத்தின் மேல் வைத்தார்.

அந்த டேப்தான் இதோடு வருகிறது. முனையில் பித்தளைத் தகடு தேய்ந்திருக்கும், அரை அங்குலம் தள்ளி அளக்க வேண்டும். இதையும் எழுதச் சொன்னார். உன் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் இந்த டேப்பில் அளந்ததுதான்.

“திருப்பித் தரணும்னு எழுது” என்றார். அளவெடுத்ததும் தபாலில் அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன். “தபாலை நம்ப முடியாது” என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார். போகும்போது நம்பலாமாம், வரும்போதுதான் நம்ப முடியாதாம்!

காலையில் ஷோரூம் பெண் போன் செய்து எந்த வண்டி என்று கேட்டாள். “அளவு வரணும்மா” என்கிறார். இப்போது கழுத்து வெறுமையாக இருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்த் தடவிப் பார்க்கிறார். கடையில் வேறு டேப் மூன்று இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறார்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. குட்டிக்குக் கன்னத்தில் ஒரு முத்தம். நீ தீர்க்காயுசாக, உன் வீம்பு அற்பாயுசாக இருக்கட்டும். டேப் பத்திரம், மகளே. கையோடு கொண்டுவா.

இப்படிக்கு,
ஷோரூமில் விட்ட செருப்பை இன்னும் போய் எடுக்காத
உன் சித்தி